வார லீவுக்கு மறுநாள்

பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இருமலும் மூச்சிரைப்புமாக மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போன அன்னிக்கு நெஞ்சு எப்படிம்மா இருந்துச்சு?" அந்த ஒரு நாள் மட்டும் நெஞ்சு இறுகி, கயிறு போட்டுக் கட்டியதுபோல் இருந்திருக்கலாம். அடுத்தடுத்த நாட்களில் அது தேறி, மறுபடி லீவு எடுத்துத் திரும்பியதும் பழையபடி வந்திருக்கலாம். அப்படியானால் அது சளியும் அல்ல, சாதாரண இளைப்பும் அல்ல. அந்த நோயின் பெயர் பிஸினோசிஸ். பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய்.

ராஜபாளையத்தில் இந்தக் கேள்விக்கு வேலை அதிகம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்றிலிருந்து ஊரின் வாழ்க்கை ஷிப்டு நேரத்தை ஒட்டியே நடந்துவருகிறது. கிழக்கே கரிசல் காடு பருத்தி தந்தது, மேற்கே மலை. நடுவில் நூற்பாலைகள் பெருகின. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் மில் வண்டிகள் ஆட்களை ஏற்றி வருகின்றன. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. நாட்டின் ஏதோ ஒரு மூலையில் அறுவைச் சிகிச்சை முடிந்த புண்ணைச் சுற்றும் துணி அங்கே நெய்யப்பட்டதாக இருக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் வேலையிடத்து ஆபத்து என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது பட்டாசுதான். அதில் தவறில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து 38 பேருக்குக் குறையாமல் பலிகொண்டது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடித்தால் நாடே திரும்பிப் பார்க்கிறது, அமைச்சர்கள் வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. பஞ்சுத்தூசி வெடிக்காது. இருபது வருடம் எடுத்துக்கொண்டு ஒருவரின் மூச்சைக் குறைக்கும். கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் அவர் வேலையை விடும்போது அதை யாரும் விபத்து என்று எழுதிக்கொள்வதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை பட்டாசை விட்டுவிட்டுப் பஞ்சைப் பேசுகிறது.

பஞ்சு பார்ப்பதற்கு வெள்ளையாக இருக்கிறது. ஆனால் மில்லுக்கு வரும் பேல் வெறும் பஞ்சு அல்ல. பருத்திக் காயின் அடியில் மூன்று பச்சை இலைகள் காயை ஏந்திக்கொண்டிருப்பதைக் கரிசல்காட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். காய் வெடிக்கும் பருவத்தில் அவை காய்ந்து, தொட்டால் நொறுங்கும். பருத்தி எடுக்கும்போது அந்த நொறுங்கலும் கூடவே வருகிறது. மண், தண்டுத் தூள், விதைத் தோல் எல்லாம் சேர்கின்றன. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் வருகிறது. பருத்திச் செடியின் மேல் வாழும் பாக்டீரியாக்கள்தான் அது.

பேல் முதலில் திறக்கப்படும் இடம் புளோரூம். அழுத்திக் கட்டிய பஞ்சை இயந்திரம் பிய்த்து, அடித்து, உதறும். அடுத்தது கார்டிங். அங்கே லட்சக்கணக்கான நுண்ணிய கம்பிப் பற்கள் இழையை இழையிலிருந்து பிரித்துச் சீவுகின்றன. இந்த இரண்டு இடங்களிலும்தான் தூசி மிக அதிகம். டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று போகப் போகத் தூசி குறைந்துகொண்டே வரும், முற்றிலும் போய்விடாது. தலைமுடியிலும் புருவத்திலும் படிந்து, ஷிப்டு முடிந்து வருபவரை நரைத்தவராகக் காட்டும் வெள்ளைப் பஞ்சு இழை உண்மையில் பெரிய தொல்லை இல்லை. அது பெரிதாக இருப்பதால் மூக்கிலேயே நின்றுவிடும். தொல்லை செய்வது மனித முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத துகள். அது காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூக்கையும் தொண்டையையும் தாண்டி மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைகள்வரை போகும். மில்லில் கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது என்பது இதனால்தான்.

அந்தத் துகள் உள்ளே போய் என்ன செய்கிறது? நீண்ட காலம் இது புதிராகவே இருந்தது. கல்லுடைக்கும் தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்காத் தூசி தழும்பை உண்டாக்கும். எக்ஸ்ரேயில் அது புள்ளி புள்ளியாகத் தெரியும். பஞ்சுத்தூசி அப்படித் தழும்பு எதையும் வைப்பதில்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், நோயாளி மூச்சுக்குத் திணறுவார். விடை பாக்டீரியாவில் இருந்தது. செடியின் மேல் வாழும் கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. பாக்டீரியா செத்துக் காய்ந்த பிறகும் அது சாகாது. அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனைக் கார்டிங் அறை அமைத்து, தன்னார்வலர்களை வெவ்வேறு பருத்தித் தூசிக் காற்றில் சில மணி நேரம் இருக்கச் செய்து மூச்சை அளந்தார்கள். 1987-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு தெளிவாக இருந்தது. மூச்சுத்திறன் எவ்வளவு இறங்கியது என்பது தூசியின் எடையோடு சரியாகப் பொருந்தவில்லை. தூசியில் இருந்த எண்டோடாக்சின் அளவோடு பொருந்தியது.

சரி, லீவு முடிந்த நாளில் மட்டும் ஏன்?

நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் எண்டோடாக்சினைப் பார்த்ததும் கிருமி புகுந்துவிட்டதாக எண்ணிக் கூச்சல் போடுகின்றன. மூச்சுக்குழாய் வீங்கும், சுருங்கும். சிலருக்கு உடம்பு சுடும். மறுநாளும் அதே தூசி, அதற்கு மறுநாளும் அதே தூசி என்றால், அணுக்கள் பழகிப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. வார நடுவில் தேவலை என்று தோன்றுவது இந்தப் பழக்கத்தால்தான். ஒரு நாள் லீவில் அந்தப் பழக்கம் கலைகிறது. மறுபடி ஆலைக்குள் நுழைந்ததும் உடம்பு முதல் நாள்போலவே அலறுகிறது. இதில் மோசம் என்னவென்றால், தேவலை என்று தோன்றும் நாட்களிலும் சேதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வருடங்கள் போகப் போக இறுக்கம் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நீளும். பிறகு எல்லா நாளும் ஒன்றாகிவிடும். அந்தக் கட்டத்தில் அது நிரந்தர மூச்சடைப்பு.

இதை முதலில் சொன்னவர்கள் தொழிலாளர்கள்தான். பெல்ஜியத்தில் கெண்ட் நகரப் பஞ்சாலைகளை ஆராய்ந்த மாரெஸ்கா, ஹேமான் என்ற இரண்டு மருத்துவர்கள் 1845-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வாரக் கடைசியைவிடத் திங்களும் செவ்வாயும்தான் தூசி தங்களை அதிகம் படுத்துகிறது என்று தொழிலாளர்கள் சொன்னதாக அதில் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1700-ல், இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி சணலும் ஆளியும் சீவுவோரின் ஓயாத இருமலைப் பற்றி எழுதியிருந்தார். நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க மருத்துவர்கள் மறக்கக் கூடாது என்று வற்புறுத்தியவரும் அவரே. நோய்க்கு பிஸினோசிஸ் என்ற பெயரை 1877-ல் சூட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் பிரௌஸ்ட். நாவலாசிரியர் மார்செல் பிரௌஸ்ட்டின் தந்தை. அந்த மகனே காலமெல்லாம் ஆஸ்துமாவோடு போராடியவர் என்பதை நினைக்கும்போது மனம் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.

1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் தொழிலாளர்கள் சொன்னதையே அளவுகோலாக்கினார். வாரத்தின் முதல் வேலைநாளில் எப்போதாவது இறுக்கம் வந்தால் அரை நிலை. ஒவ்வொரு முதல் நாளும் வந்தால் ஒன்று. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டு. மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்று. ஒரு விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். கேட்கத் தெரிந்த ஒருவரும், அவருக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடமும் போதும். அரை நிலையிலோ ஒன்றிலோ கண்டுபிடித்து, தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றினால் நுரையீரல் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மூன்றில் கண்டுபிடித்துப் பெரிய பயன் இல்லை.

திங்கட்கிழமையை வைத்துக் கேட்டால் அந்த எளிய கேள்வி இன்றைய ராஜபாளையத்தில் ஏன் வேலை செய்வதில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. லங்காஷயரில் எல்லா ஆலைக்கும் ஞாயிறு விடுமுறை. அதனால் திங்கட்கிழமை காலை கார்டிங் அறை முழுக்க ஒரே நேரத்தில் இருமியது. யாருக்கும் மறைக்க முடியவில்லை. நோய்க்கே 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்று பெயர் வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் இன்றைய நூற்பாலையில் வார லீவு ஆளுக்கு ஒரு நாள். ஒருவருடைய திங்கட்கிழமை புதனில் வரும், இன்னொருவருடையது சனியில். ஓர் அறையில் ஐம்பது பேர் இருந்தாலும் ஒரே நாளில் இருமுபவர் ஏழெட்டுப் பேராகத்தான் இருப்பார்கள். நோயின் அடையாளமே கலைந்து கரைந்துபோகிறது. திங்கட்கிழமை எப்படி என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அப்படியே கேட்கும் மருத்துவருக்கு, ஒன்றும் இல்லை என்றுதான் பதில் வரும்.

இன்னொரு திரையும் உண்டு. தமிழகத்து நூற்பாலைகளில் பெரும்பகுதி வேலையாட்கள் இளம்பெண்கள். விடுதியில் தங்கி இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்தோடு போய்விடுகிறார்கள். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வருவோரும் அதிகம். அவர்களும் சில வருடத்தில் ஊர் திரும்புகிறார்கள். மூச்சு ஒத்துக்கொள்ளாதவர் முதலில் விலகிவிடுவார், தாங்கக்கூடியவர் நீடிப்பார். எந்த நாளில் ஆலைக்குள் போய் எண்ணினாலும் உள்ளே இருப்பவர்கள் தெம்பாகத்தான் தெரிவார்கள். தொழில்நோய் ஆராய்ச்சியாளர்கள் இதை 'ஆரோக்கியத் தொழிலாளி' மாயை என்கிறார்கள். நோயாளி வேறெங்கோ ஓர் ஊரில், விறகடுப்புப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்ற பெயரில் இன்ஹேலர் வாங்கிக்கொண்டிருப்பார். ஆண் என்றால் பீடி குடித்ததால் வந்தது என்று எழுதிவிடுவார்கள். புகைப்பழக்கம் இந்த நோயை இன்னும் மோசமாக்கும் என்பது உண்மை. அதைக் காட்டித் தூசியை விடுதலை செய்துவிட முடியாது.

ஆலையை விட்டு வந்தவர்களையும் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தால் என்ன தெரியும்? சீனாவின் ஷாங்காயில் அதைச் செய்தார்கள். 1981-ல் தொடங்கி ஏறத்தாழ 450 பருத்தி ஆலைத் தொழிலாளர்களையும் அதே அளவு பட்டு ஆலைத் தொழிலாளர்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பரிசோதித்தார்கள். பட்டில் இந்த பாக்டீரியா நச்சு கிட்டத்தட்ட இல்லை என்பதால் ஒப்பிடத் தோதாக இருந்தது. பருத்திக்காரர்களின் மூச்சுத்திறன் பட்டுக்காரர்களைவிட வேகமாக இறங்கியது. வேலையை விட்டபின் அந்த இறக்கம் மட்டுப்பட்டு, ஓரளவு மீண்டது. தூசியிலிருந்து ஆளை விலக்குவது எந்த வயதிலும் வீணில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தூசியைக் குறைக்க முடியுமா, அதற்குச் செலவு கட்டுப்படியாகுமா என்ற வாதம் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம்வரை போனது. வட, தென் கரோலினா மாநிலங்களில் மூச்சுக்குத் திணறிய ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள் 1970-களில் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1978-ல் அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் நூற்புப் பிரிவுகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. சமையல் உப்பில் மூன்று நான்கு பரல்களின் எடைதான் அது. தொழில் நொடித்துவிடும் என்று ஆலை அதிபர்கள் வழக்குப் போட்டார்கள். 1981-ல் தீர்ப்பு தொழிலாளர் பக்கம் வந்தது. லாப நட்டக் கணக்குப் பார்த்து உடல்நலத்தை நிறுக்கச் சட்டம் கோரவில்லை என்றது நீதிமன்றம். பின்னால் கணக்குப் பார்த்தபோது, ஆலைகள் உண்மையில் செய்த செலவு முன்பு பயமுறுத்திச் சொன்ன தொகையைவிட மிகக் குறைவாக இருந்தது. தூசியை இழுக்கும் புதிய இயந்திரங்கள் நூலையும் வேகமாக நூற்றன.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்றது. பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம் ஓடும் இடத்தில் பெண்களையும் குழந்தைகளையும் வேலைக்கு வைக்கத் தனிப் பிரிவு போட்டுக் கட்டுப்பாடு விதித்தது. பஞ்சுத்தூசிக்கு அந்தச் சட்டத்தின் அட்டவணையும் அதே 0.2 மில்லிகிராம் வரம்பை வைத்தது. பிஸினோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அதாவது, கண்டுபிடிக்கும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அது இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய். ஏட்டில் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே ஒரு கண்ணியில் தொங்குகிறது: நோய்க்குப் பெயர் வைக்க ஒரு மருத்துவர் வேண்டும். அவர் 'ஆஸ்துமா' என்று எழுதிவிட்டால் அறிவிப்பு இல்லை, ஆய்வு இல்லை, இழப்பீடும் இல்லை.

தீர்வுகளில் மாஸ்க் கடைசியில் வர வேண்டியது. நம் ஊரில் அதுதான் முதலில் வருகிறது. நூல் அறாமல் இருக்க ஸ்பின்னிங் அறையில் ஈரப்பதம் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஓடி ஓடி நூல் இணைப்பது எவராலும் முடியாது. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொள்வது பெரிய இழையைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. செய்ய வேண்டியது புளோரூமிலும் கார்டிங்கிலும் இயந்திரத்துக்குக் கூண்டு போட்டு, உள்ளே பிறக்கும் தூசியை உள்ளேயே இழுத்துவிடுவது. நல்ல நவீன ஆலைகளில் இது இருக்கிறது; வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம். அடுத்தது சுத்தம் செய்யும் முறை. தரையில் விளக்குமாறு போடுவதும், இயந்திரத்தின் மேல் அமுக்கக் காற்றை அடித்துப் பஞ்சைப் பறக்கவிடுவதும் படிந்த தூசியை மறுபடி மூச்சுக்குக் கொடுப்பதுதான். உறிஞ்சும் குழாயால் எடுத்தால் அதே வேலை தூசி பறக்காமல் முடியும். அமெரிக்க விதி, வேறு வழி இருக்கும் இடத்தில் காற்றடித்துச் சுத்தம் செய்வதையே தடைசெய்கிறது.

இதை எழுதும்போது விட்டுப்போகாத ஒரு நினைப்பு சத்திரப்பட்டியைப் பற்றியது. பஞ்சை வெந்நீரில் அலசினாலே எண்டோடாக்சின் பெருமளவு போய்விடும். வெளுத்த மருத்துவப் பஞ்சை அந்த அமெரிக்கத் தூசி விதியே விலக்கி வைத்திருக்கிறது, அவ்வளவு சுத்தம். பேண்டேஜ் துணியும் கடைசியில் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, கிருமி நீக்கித்தான் மருத்துவமனைக்குப் போகிறது. ஆனால் வெளுப்பு வருவது நெசவு முடிந்த பிறகு. தறிக்கு வரும் நூல் வெளுக்காத நூல். நோயாளியின் புண்ணுக்குச் செய்யும் காவல், அதை நெய்தவரின் நெஞ்சுக்குக் கிடைப்பதில்லை.

தறிக்கூடத்தில் தூசி கார்டிங்கைவிடக் குறைவு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே முதல் எதிரி சத்தம். பழைய விசைத்தறியில் ஊடை நூலைச் சுமக்கும் நாடா, பாவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அடித்துத் தள்ளப்படுகிறது, மறுகரையில் மோதி நிற்கிறது, திரும்ப அடிபடுகிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். ஒரு கொட்டகையில் பத்துத் தறி ஓடினால் சத்தம் 100 டெசிபெல்லை ஒட்டிவிடும். டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 90 டெசிபெல்லைவிட 100 டெசிபெல் பத்து மடங்கு ஆற்றல் கொண்டது. நம் தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 95-ல் நான்கு மணி. 100-ல் இரண்டே மணி. விசைத்தறியில் 12 மணி நேர ஷிப்டு புதிதல்ல.

உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பில் சுமார் 15,000 மயிர் அணுக்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்ததுதான், ஒன்று செத்தால் இன்னொன்று முளைக்காது. தறிச் சத்தத்தில் முதலில் சாவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலிகளைக் கேட்கும் அணுக்கள். பேச்சில் உயிரெழுத்துக்கள் கனமானவை, கேட்டுக்கொண்டே இருக்கும். 'ஸ்', 'ச்', 'த்' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். அதனால் நெசவாளி, சத்தம் கேட்கிறது, சொல்வதுதான் புரியவில்லை என்பார். வீட்டில் டிவியின் ஒலி ஏறும். பேரப்பிள்ளையின் கீச்சுக்குரல் பிடிபடாது. லங்காஷயரின் தறிக்கூடங்களில் பெண்கள் உதட்டசைவாலேயே பேசும் ஒரு மொழியை உருவாக்கி வைத்திருந்தார்கள். 'மீ-மா' பேச்சு என்பார்கள். சத்தம் மிகுந்த தறிக்கொட்டகைகளில் இங்கேயும் ஜாடை உண்டு. அது திறமைதான், காது போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமும் கூட. சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைத் தக்கையைக் காதில் வைத்தால் இருபது டெசிபெல்வரை குறையும். முதல் நாளிலிருந்தே வைத்தால்தான் பலன்.

தறிக்கொட்டகைகளுக்குச் சட்டத்தின் கை எட்டுவதும் கடினம். நான்கைந்து பேர் வேலை பார்க்கும் கூடம், மின்சாரம் இருந்தால் 10 பேர் என்ற பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வராது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியிருக்கிறது. சிறு கூடங்கள்தான் ஆய்வாளரை அதிகம் பார்க்க வேண்டியவை. எண்ணிக்கையை ஏற்றியது தவறான திசையில் வைத்த அடி.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் ஆபத்தின் முகம் மாறுகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா இங்கே இன்னும் பல இடங்களில் விறகடுப்பில்தான் கிண்டப்படுகிறது. பத்து லிட்டர் பாலில் எட்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆவியாகிச் சமையல்கூடத்துக் காற்றில் கலந்தால்தான் பால் கோவாவாகும். முன்னால் தீயின் நேரடி வெக்கை, சுற்றிலும் நீராவி. மனித உடல் தன்னைக் குளிர்விக்கும் வழி வியர்வை காய்வது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. கிண்டுபவர் நிறுத்தவும் முடியாது, அடிப்பிடித்துவிடும். பங்குனி, சித்திரையில் இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தினமும் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அடுப்படி வெக்கையையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அடுப்புக்கு மேலே ஆவியையும் புகையையும் இழுக்கும் கூண்டு, கிண்டுபவர் மாறி மாறி நிற்க ஒரு முறை, கைக்கெட்டும் தூரத்தில் உப்புப் போட்ட மோர். நீராவிக் கொதிகலனுக்கு மாறிய இடங்களில் நேரடித் தீ இல்லை என்பதே பாதி நிம்மதி.

மறுபடி மில்லுக்கு. இதை வாசிப்பவர் வீட்டிலோ தெருவிலோ பஞ்சாலைக்குப் போகிறவர் இருப்பார். வேலையை விடச் சொல்லி யாரும் அவரிடம் பேச வேண்டாம்; அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் நிற்கிறது. லீவு முடிந்து போன அன்றைக்கு நெஞ்சு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். இறுக்கம் என்றால், மருந்துக்கடைகளில் கிடைக்கும், மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் ஊதுமானி ஒன்றை வாங்கி, லீவுக்கு மறுநாள் ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு தடவையும் வந்த பிறகு ஒரு தடவையும் ஊதச் சொல்லி எண்ணைக் குறித்து வையுங்கள். நான்கு வாரம் அப்படிக் குறித்த தாளை ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருடம், வார லீவு எந்தக் கிழமை என்ற மூன்றையும் தாளின் மேலே எழுதுங்கள். சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினால், 'கார்டிங்' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.